தமிழில் தட்டச்சு செய்வோர் முதல் பிரிந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்ப்பள்ளிக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர், கல்யாண அழைப்பிதழும் கோயில் திருவிழா அறிக்கையும் அடித்துத் தரும் சிறு அச்சகத்தார், தோட்ட அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் பார்க்கும் கிராணி, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்யும் இளையோர் என்று, மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்திலும் நாள் முழுதும் விசைப்பலகையில் கை வைத்திருப்போர் பலர் இருக்கிறார்கள். மாலையில் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் இவர்களில் சிலர், ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் கொண்டு, இரண்டு பாதிகளாகப் பிரிந்த மெக்கானிக்கல் விசைப்பலகைகளைப் பற்றி இப்போது விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் இவற்றைப் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில் கணினி நிரல் எழுதுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'ச' எங்கே போகும் என்று அவை கேட்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்பவருக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி அதுதான் என்பதால், இந்தக் கட்டுரை அங்கிருந்தே விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க முயல்கிறது.

சாதாரண விசைப்பலகையில் இரு கைகளும் நெஞ்சுக்கு நேரே நெருங்கி வர வேண்டியிருக்கிறது. அதனால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைகிறது, உள்ளங்கை முழுவதுமாகத் தரையை நோக்கித் திரும்புகிறது, தோள்களும் முன்னால் குறுகுகின்றன. விசைப்பலகையை இரண்டாகப் பிரித்துத் தோள் அகலத்துக்கு விலக்கி வைத்தால் மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் நிற்கும். உள்பக்கத்தைச் சற்று உயர்த்திச் சாய்த்து வைத்தால் உள்ளங்கை முறுக்கிக்கொள்வதும் குறையும். இதற்கு மேல் இந்தக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது. இது மருந்தன்று. விரல்களில் மரத்துப்போன உணர்வோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியோ இருந்தால், விசைப்பலகைக்குச் செலவழிக்கும் முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

பிரித்து வைப்பது உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் காசு செலவில்லாமல் அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வீட்டிலோ பள்ளியிலோ சும்மா கிடக்கும் இரண்டு பழைய யுஎஸ்பி விசைப்பலகைகளை ஒரே கணினியில் செருகுங்கள். ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைத்து, இடக்கைக்கு முதலாவதையும் வலக்கைக்கு இரண்டாவதையும் பயன்படுத்திச் சில நாள் வேலை செய்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் ஒரு விசைப்பலகையின் ஷிஃப்ட் விசை மற்றொன்றின் எழுத்துக்கும் செல்லும். மேக் கணினியில் அப்படிச் செல்லாது என்பதால், அங்கே அந்தந்தப் பக்கத்து ஷிஃப்டையே அழுத்த வேண்டியிருக்கும். மேசையில் இடம் அதிகம் பிடிக்கும், பார்க்கவும் ஒழுங்காக இராது. ஆனாலும் தோள் தளர்கிறதா, மணிக்கட்டு நேராகிறதா என்பதைச் சோதிக்க இது போதும்.

இந்தச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. ஆங்கில விசைகளான பி (B), ஒய் (Y) ஆகியவற்றையும் 6 என்ற எண்ணையும் நீங்கள் எந்தக் கையால் அழுத்துகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். பிரிந்த விசைப்பலகைகள் பெரும்பாலானவற்றில் பி (B) இடப்பாதியிலும் ஒய் வலப்பாதியிலும் இருக்கும். வலக்கையால் பி அழுத்திப் பழகியவருக்கு முதல் வாரம் சற்றுத் தடுமாற்றமாக இருக்கும், அது பழகிவிடும்.

'ச' எங்கே இருக்கிறது?

1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகளும் புள்ளியும் இடக்கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வ, ங ஆகிய இரண்டு மட்டுமே இடப்பக்கம் இருக்கும் மெய்கள். 'கி' என்று எழுத வலக்கை க-வை அழுத்த, இடக்கை இ-யை அழுத்துகிறது. கைகள் மாறி மாறி வேலை செய்யும் இந்த அமைப்பு, இரண்டாகப் பிரிந்த விசைப்பலகைக்காகவே அமைந்ததுபோல் பொருந்துகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சிக்கல் வலக்கைச் சுண்டுவிரலில் இருக்கிறது. தமிழ்99 அமைப்பில் அந்த ஒரு விரலின் பொறுப்பில் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு எழுத்துகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அரைப்புள்ளி இருக்குமிடத்தில் ந, அதன் வலப்பக்கம் மேற்கோள்குறி விசையில் ய, சாய்கோட்டு விசையில் ழ. மேல்வரிசையில் ஆங்கில பி-யை (P) ஒட்டி இருக்கும் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில் முதலாவது ச, இரண்டாவது ஞ. 'செய்தி' என்ற சொல்லை மெதுவாக அடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் ச-வுக்காக மேலே நீண்டு போகிறது, இடக்கை எ-யை அழுத்துகிறது, சுண்டுவிரல் ய-வுக்கு இறங்கி வருகிறது, இடக்கை புள்ளி வைக்கிறது, பிறகுதான் மோதிர விரலுக்கு த கிடைக்கிறது, கடைசியில் இடக்கை இ-யை அழுத்துகிறது. நிரல் எழுதுவோர் எப்போதாவது தொடும் ஓரத்து விசைகளைத் தமிழர் ஒவ்வொரு வரியிலும் தொடுகிறார்கள்.

சிறிய விசைப்பலகைகளை வடிவமைப்போர் முதலில் வெட்டி எறிவது இந்த ஓரத்து விசைகளைத்தான். பலரும் விரும்பி வாங்கும் கோர்ன் என்ற வடிவமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான 42 விசை வடிவில், ஒவ்வொரு பாதியிலும் மூன்று வரிசை, ஆறு நிரல் (மேலிருந்து கீழாக நிற்கும் விசைகள்), கட்டைவிரலுக்கு மூன்று விசைகள். வலப்பாதியில் ஆங்கில பி-க்கு (P) அடுத்து ஒரே ஒரு நிரல்தான் மிஞ்சுகிறது. தொடக்க அமைப்பில் அந்த நிரலின் மேல்விசை அழிப்பு விசையாக (Backspace) இருக்கும். அடைப்புக்குறிகள் இரண்டும் வேறொரு அடுக்கில் மறைந்திருக்கும். அதாவது, 'ச' என்று எழுத ஒவ்வொரு முறையும் அடுக்கு மாற்றும் விசையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தேட வேண்டும். இப்படி ஒரு விசைப்பலகையை வாங்கிய தமிழர் இரண்டே நாளில் அதை மூட்டை கட்டிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தீர்வு கடினமானதன்று. அழிப்பு விசையைக் கட்டைவிரலுக்கு மாற்றிவிட்டு, காலியான அந்த ஓர இடத்தில் ச-வை வைத்துவிடலாம். ய தன் இடத்திலேயே இருக்கும். ஞ அவ்வளவு அடிக்கடி வராத எழுத்து என்பதால் அதற்கு வேறிடத்தில் ஒரு விசையைத் தேடிக் கொடுத்தால் போதும். எனவே தமிழ்99 பயன்படுத்துவோர் கடையில் படத்தைப் பார்க்கும்போதே இரண்டைச் சரிபார்க்க வேண்டும்: வலப்பாதியில் ஆங்கில பி-க்கு (P) வெளிப்புறமாக மூன்று வரிசைகளிலும் ஒரு நிரல் இருக்கிறதா, அழிப்பு விசையை இடம்பெயர்க்கக் கட்டைவிரலிடம் இடம் இருக்கிறதா என்பவை அவை. ஒரு பாதிக்கு ஐந்தே நிரல் கொண்ட ஃபெரிஸ் ஸ்வீப் போன்ற 34 விசைப் பலகைகளில் ச-வும் ய-வும் சேர்ந்தே போய்விடுகின்றன. அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழ்த் தட்டச்சாளரின் முதல் விசைப்பலகையாக அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரோமன் எழுத்தில் ஒலித்துத் தட்டும் அஞ்சல் அமைப்பினருக்கு இந்தச் சிக்கல் இல்லை. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய முரசு அஞ்சல் நம் நாட்டுத் தயாரிப்பு என்பதால், இங்கே அந்த முறையில் பழகியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஓரத்து நிரல் அன்று, வசதியான ஷிஃப்ட். ண, ள, ற ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஷிஃப்டைப் பிடிக்க வேண்டியிருப்பதால், அதைச் சுண்டுவிரலிடமிருந்து வாங்கிக் கட்டைவிரலிடம் கொடுத்துவிடுவது பெரிய நிம்மதி. பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே பழகிய மூத்த கிராணிகளுக்கோ ஓரத்து விசைகளும் வேண்டும், ஷிஃப்டும் வேண்டும். அவர்கள் விசைகளைக் குறைக்காத பலகையையே நாட வேண்டும்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். விசைப்பலகை தமிழ் எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியீட்டை மட்டுமே அனுப்புகிறது. அதைத் தமிழாக்குவது கணினியில் உள்ள தமிழ்99 அல்லது அஞ்சல் மென்பொருள். ஆகவே 'தமிழ் விசைப்பலகை' என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. சதுர அடைப்புக்குறியின் குறியீட்டை நீங்கள் விரும்பும் விசையில் வைத்தால், அந்த விசையே ச ஆகிவிடும்.

சரிந்த வரிசையா, நேரான நிரலா?

தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓட வேண்டியிருந்தது. அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கவே வரிசைகள் பக்கவாட்டில் சரிந்து அமைந்தன. நெம்புகோல் போன பின்னும் அந்தச் சரிவு தங்கிவிட்டது. பிரிந்த விசைப்பலகைகளில் ஒரு வகை அந்தப் பழைய சரிவை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் மட்டும் பிளந்திருக்கும். கீக்ரான் க்யூ11, டிக்மா ரெய்ஸ், கினெசிஸ் ஃப்ரீஸ்டைல் வரிசை ஆகியவை இந்த வகை. இவற்றில் அடைப்புக்குறி விசைகள் இரண்டும் பழைய இடத்திலேயே இருப்பதால் ச, ஞ எதுவும் நகராது. ஒரே நாளில் வேலையைத் தொடரலாம். மறு வகையில் விசைகள் விரலின் போக்குக்கு ஏற்ப மேலும் கீழுமாக நிரல் நிரலாக நிற்கும். லில்லி58, சோஃப்லே, ஐரிஸ், எர்கோடாக்ஸ், மூன்லேண்டர், வாயேஜர் எல்லாம் இதைச் சேர்ந்தவை.

உங்கள் கைக்கு எது ஏற்றது என்பதை ஒரு வெள்ளைத்தாளில் கண்டுகொள்ளலாம். கையைத் தளர்வாகத் தாளின் மேல் வைத்து, தட்டச்சு செய்வதற்காக விரல்களை மடக்குவதுபோல் மடக்கி, ஒவ்வொரு விரல்நுனி படும் இடத்திலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். சுண்டுவிரல் புள்ளி மற்றவற்றைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். அது மிகவும் தாழ்ந்திருந்தால், சுண்டுவிரல் நிரலை நன்றாகக் கீழிறக்கிய வடிவங்கள் உதவும். எர்கோடாக்ஸில் அந்த இறக்கம் குறைவு. கையும் விசைப்பலகையும் ஒன்றுக்கொன்று சண்டையிடும். ஆறு எழுத்தைச் சுமக்கும் விரலுக்கு இது சிறிய விஷயமன்று.

என் முடிவைச் சொல்கிறேன். வினாத்தாளிலும் விலைப்பட்டியலிலும் எண்களைப் புழங்குவோருக்கு எண் வரிசை கட்டாயம் வேண்டும்; எனவே ஒரு பாதிக்கு ஆறு நிரல், நான்கு வரிசை, கட்டைவிரலுக்கு மூன்று விசைக்குக் குறையாத அமைப்பே முதல் விசைப்பலகைக்குச் சரியான அளவு. 58 விசைகள் கொண்ட லில்லி58 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உள்பக்கத்தில் பாதிக்கு ஒன்றாக இரண்டு கூடுதல் விசைகள் உண்டு. தொடக்க அமைப்பில் அவையே அடைப்புக்குறிகளாக இருப்பதால், ச இடப்பாதிக்குப் போய்விடுகிறது. அதை வலப்பாதியின் வெளியோரத்துக்குக் கொண்டுவந்து, வலது உள்விசையில் ஞ-வை விட்டுவைத்தால் முழுத் தமிழ்99 அமைப்பும் அடுக்கு மாற்றாமலே கைக்குக் கிடைத்துவிடும்.

ஸ்விட்ச், விசைமூடி, சத்தம்

ஸ்விட்ச் வகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிவே இராது. முதல் விசைப்பலகைக்கு அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. தடையின்றி நேராக இறங்குவது ஒரு வகை, நடுவில் ஒரு சிறு மேடு தட்டுப்படுவது ஒரு வகை, அந்த மேட்டோடு 'கிளிக்' என்று ஒலிப்பது மூன்றாம் வகை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பலகைத் தடுப்பு வீடுகளில் பக்கத்து அறையின் மூச்சுகூடக் கேட்கும். இரவில் வேலை செய்பவர் மூன்றாம் வகையைத் தவிர்த்துவிடலாம். எடையைப் பொறுத்தவரை, செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்சை அழுத்த 45 சென்டிநியூட்டன் விசை வேண்டும், பழுப்புக்கு 55, கறுப்புக்கு 60. சிவப்பை ஒட்டிய எடையில் தொடங்குவது நல்லது.

ஸ்விட்சை ஈயம் உருக்கி ஒட்டாமல் கழற்றி மாற்றும் குழிகள் கொண்ட பலகையையே வாங்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஒரு ஸ்விட்ச் பழுதானால் நீங்களே பிடுங்கி மாற்றிவிடலாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ந, ய, ச, ண, ழ இருக்கும் வலச் சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் மற்றவற்றைவிட இலகுவான ஸ்விட்ச் போட்டுக்கொள்ள முடியும் என்பது. தமிழ் நிறைய அடிப்பவருக்கு இந்தச் சிறு மாற்றம் தரும் சுகம், விலையுயர்ந்த எந்த அலங்காரமும் தராது.

தட்டையான சோக் வகை ஸ்விட்சுகள் மணிக்கட்டின் உயரத்தைக் குறைக்கும். அவற்றின் அழுத்த ஆழம் 3 மில்லிமீட்டர், வழக்கமானவற்றுக்கு 4. ஆனால் சோக் முதல் பதிப்பின் கால் வடிவம் வேறு என்பதால் சாதாரண விசைமூடிகள் அதில் பொருந்தா. விசைமூடிகளில் எல்லா வரிசைக்கும் ஒரே உயரம் கொண்ட டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ வகைகளைத் தேர்ந்தால், எழுத்துகளை இடம் மாற்றும்போது மூடியையும் கூடவே மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருள், இணைப்புக் கம்பி

விசைகளை மாற்றியமைக்க முடியாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருளில் இயங்கி, வியா அல்லது வயல் செயலியால் திரையிலேயே மாற்றக்கூடிய பலகை தொடக்கக்காரருக்கு எளிது. கம்பியில்லாத பலகைகள் பெரும்பாலும் இசட்எம்கே மென்பொருளில் இயங்குகின்றன. அதுவும் நல்லதே, கற்க இன்னும் சற்று நேரம் பிடிக்கும்.

இரு பாதிகளையும் இணைக்கும் கம்பியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பல பலகைகளில் இது ஹெட்ஃபோன் முனை போன்ற டிஆர்ஆர்எஸ் கம்பி. கணினியோடு இணைந்திருக்கும் நேரத்தில் இதைச் செருகினாலோ பிடுங்கினாலோ முனையின் வளையங்கள் ஒன்றோடொன்று தொட்டு மின்குறுக்கு ஏற்படலாம். உள்ளிருக்கும் சில்லு அங்கேயே எரிந்துபோகலாம். முதலில் யுஎஸ்பி கம்பியைக் கழற்றுங்கள், அதன் பிறகே நடுக்கம்பியைத் தொடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அதேபோல, மைக்ரோ யுஎஸ்பி துளை கொண்ட பழைய ப்ரோ மைக்ரோ சில்லுப் பலகையில் அந்தத் துளை எளிதில் பெயர்ந்துவிடும். யுஎஸ்பி சி துளை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து வாங்குவது

கடைத்தெருவில் இது கிடைக்காது. ஈப்போவில் கணினிக் கடைகள் இருக்கின்றன, கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா இருக்கிறது. அங்கெல்லாம் ஸ்விட்சுகளைத் தொட்டுப் பார்த்து எடையை உணர்ந்துவிட்டு வரலாம். பலகையை இணையத்தில்தான் தருவிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து இணையவழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டவை சுங்கத்துறை வழியாக வரும். மூன்லேண்டர், வாயேஜர், கினெசிஸ் அட்வான்டேஜ்360 போன்றவை 300 அமெரிக்க டாலரைத் தாண்டும் என்பதால் வரியையும் அஞ்சல் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ப்ளூடூத் கருவிகளுக்கு நம் நாட்டில் சிரிம் என்ற தரச்சான்று அமைப்பின் சான்று விதிகள் உள்ளன. லித்தியம் மின்கலத்தை விமான அஞ்சலில் அனுப்பவும் கட்டுப்பாடுகள் உண்டு. முதல் பலகை கம்பி உள்ளதாகவே இருப்பது இந்த வகையிலும் தொல்லையில்லாதது.

உதிரிகளாக வாங்கிச் சொந்தமாகக் கோத்தால் செலவு குறையும். ஈயம் உருக்கி ஒட்டத் தெரியாதவர், கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கொடுக்கலாம். அவர் அன்றாடம் செய்யும் வேலைதான் அது. கொடுக்கும்போது இரு பாதிகளிலும் டயோடுகளின் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு உதிரிகள்) திசையைக் குறிக்கும் படத்தை அச்சடித்துக் கூடவே கொடுத்துவிடுங்கள்.

முதல் சில வாரங்கள்

வேகம் குறையும், அது எல்லோருக்கும் நடப்பது. அதனால் தேர்வுத்தாள் பருவத்திலோ, தை மாதக் கல்யாண அழைப்பிதழ்கள் குவியும் வேளையிலோ புதிய பலகைக்கு மாறாதீர்கள். அஞ்சலிலிருந்து தமிழ்99-க்கு மாறும் எண்ணம் இருந்தாலும் அதை இப்போது செய்ய வேண்டாம். கையும் எழுத்தமைப்பும் ஒரே நேரத்தில் மாறினால் இரண்டுமே படியாது. எழுத்து விசைகளைப் பிடித்துக்கொண்டால் ஷிஃப்ட், கண்ட்ரோல் ஆகும் நுட்பங்களையும் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். வேகமாக அடிக்கும்போது அவை எழுத்தைக் கெடுக்கும்.

உங்கள் எழுத்தமைப்பை ஒரு தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். விசைகளைக் குனிந்து பார்க்காமல் அதைப் பார்த்துப் பழகுங்கள். முதல் வாரம் இரு பாதிகளையும் ஒரு சாண் தூரத்தில் தட்டையாக வைத்து அடியுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தோள் அகலத்துக்கு விலக்கி, உள்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சாப்பாட்டு மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்தி, கால் தொங்காமல் ஒரு பலகையோ பழைய பெட்டியோ போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் 'செய்தி', 'நியாயம்', 'ஆசிரியர்', 'வாழ்க்கை' போன்ற சுண்டுவிரலைச் சோதிக்கும் சொற்களைக் கொண்ட ஒரு பத்தியை அடித்துப் பாருங்கள். இரண்டாம் வாரத்திலும் ச-வுக்கு விரல் தடுமாறினால், விரலைப் பழிக்காமல் வியாவைத் திறந்து அந்த விசையை வேறிடத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.